வேலியக்கா மூன்று வாரம் தரையை நிமிர்த்திய கதை

வேலியக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம். பதினோரு வருஷமாக எல்லோருக்கும் அவள் வேலியக்காதான். முள்வேலி, கம்பிவேலி என்று நினைத்துவிடாதீர்கள். அவள் போடுகிற வேலியைக் கண்ணால் பார்க்க முடியாது. கையால் தொடவும் முடியாது. அதை உண்டாக்குகிற பெட்டியைத் தொட்டால், தொட்டேன் என்று வந்து சொல்ல ஆள் இருக்காது.

பூமிக்கு அடியில் இரண்டு கிலோமீட்டர் சுற்றளவுக்கு வட்டமாக ஒரு சுரங்கம். அதற்குள் கை நுழைகிற பருமனில் ஒரு குழாய். குழாய்க்குள் காற்றுகூடக் கிடையாது. அணுவைவிடச் சின்னத் துகள்கள் மட்டும், நொடிக்கு ஒன்றரை லட்சம் சுற்று என்று தலைதெறிக்க ஓடிக்கொண்டிருக்கும். எத்தனை துகள் என்று கேட்டால், உலகத்து ஜனத்தொகையை ஆயிரத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். முன்னே பின்னே இருக்கும், யார் போய் எண்ணப் போகிறார்கள்.

இந்தக் கூட்டத்தைத்தான் வேலியக்கா மேய்க்கிறாள். வழக்கமான முறையில் மின்சாரத்தை அலை அலையாக அனுப்பி, அட்டையில் முட்டை அடுக்குகிற மாதிரி துகள்களைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து வைப்பார்கள். வேலியக்காவின் முறை வேறு. ஒவ்வொரு சுற்றுக்கும் சரியான நேரம் பார்த்து மின்சாரத்தால் மேலே ஒரு குத்து, கீழே ஒரு குத்து. அவ்வளவுதான். ஒரு குத்து, முந்திக்கொண்டு ஓடுகிறவனை நெஞ்சில் தட்டித் திருப்பி அனுப்பும். இன்னொன்று, பின்தங்குகிறவனை முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். இரண்டு குத்தும் இரண்டு சுவர். நடுவில் கூட்டம் பாய் விரித்த மாதிரி நீளமாக, ஒரே மட்டமாக ஓடும். சுவருக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் இடம் காலியாகக் கிடக்கும்.

அந்தக் காலி இடத்துக்குக் காத்திருப்பவர்தான் வேலியக்காவின் கணவர். கூட்டத்தைக் குழாயிலிருந்து வெளியே அனுப்ப வேண்டிய நேரத்தில் கிக்கர் என்கிற காந்தம் ஒரே உதையாக உதைத்து வெளிவாசல் பக்கம் தள்ளும். அந்தக் காந்தம் விழித்தெழும் கணத்தில் எதிரே ஒருவனும் இருக்கக்கூடாது. இருந்தால் அரைகுறையாக உதைபட்டுப் போய்க் குழாய்ச் சுவரில் மோதுவான். காந்தத்தைப் பார்த்துக்கொள்கிறவர் என்பதால் அவருக்கு உதைக்காரர் என்று பெயர். வாழ்க்கையில் ஓர் எறும்பைக்கூட உதைத்ததில்லை, பாவம்.

இவர்கள் கல்யாணமே அந்தக் காலி இடத்தால் நடந்ததுதான். அப்போது வேலியக்கா ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் கம்பி சுற்றுகிற வேலையை விட்டுவிட்டு இங்கே புதிதாகச் சேர்ந்திருந்தாள். கறுப்பு வளையங்களை அடுக்கி, நடுவில் செப்புத் தகடு செருகி, ஒரு ஆள் உயரப் பெட்டியைத் தானே கட்டி நிறுத்தினாள். ஆம்ப்ளிஃபயர் சூடாவதை வாசனையிலேயே கண்டுபிடிப்பாள் என்பார்கள். உதைக்காரர் தினமும் காலையில் போன் போட்டு, இடைவெளி எவ்வளவு என்று கேட்பார். அவள், முந்நூற்று முப்பது நானோ நொடி என்பாள். ஒரு நொடியை நூறு கோடித் துண்டாக்கி அதில் முந்நூற்று முப்பது துண்டு. அவர் இன்னும் கொஞ்சம் கூட்டித் தரக்கூடாதா என்று இழுப்பார். ஒருநாள் அவளுக்கு எரிச்சல் வந்து, “அதுக்கு மேல வேணும்னா வீட்டுல வந்து கேளுங்க” என்று போனை வைத்துவிட்டாள். மனுஷன் ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து கேட்டார். முந்நூற்று முப்பதுக்கு மேல் ஒரு துண்டுகூட அவள் தரவில்லை. கல்யாணம் மட்டும் பண்ணிக்கொண்டாள்.

மாமியார் காலமான பிறகு வீட்டில் மூன்று பேர். மூன்றாவது ஆள் நாத்தனார். நகரப் பேருந்து ஓட்டுகிறாள். அவளுக்கும் வேலியக்காவுக்கும் எதில் ஒத்துப்போகிறதோ இல்லையோ, உதைக்காரரைக் கிண்டல் செய்வதில் ஒத்துப்போகும்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் குழாய்க்குள்ளிருந்து வந்தது வம்பு.

சுரங்கம் நெடுக எண்ணும் பெட்டிகள் உண்டு. குழாயில் மோதி வீணாகிற துகள்களை அவை எண்ணும். ஓர் உதைக்கு நூறு வரைக்கும் யாரும் கண்டுகொள்வதில்லை. நூறைத் தாண்டினால் மொத்த இயந்திரமும் தானாக நின்றுவிடும். மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலையில் பெட்டிகள் நானூறு காட்டின. மூன்றாம் நாளிலிருந்து இருநூற்றைம்பதில் வந்து நின்றன. அப்புறம் இறங்கவே இல்லை. உதைத்த ஒவ்வொரு தடவையும், நாளுக்குப் பத்துத் தடவை, இயந்திரம் நின்றது.

குற்றம் இரண்டு பேரில் ஒருவருடையதாகத்தான் இருக்க முடியும். ஒன்று, வேலி ஒழுகி ஆட்கள் காலி இடத்துக்குள் புகுந்திருக்க வேண்டும். இல்லை, உதை நேரம் தப்பி விழ வேண்டும். அதாவது, ஒன்று பெண்டாட்டி, இல்லை புருஷன்.

வேலியக்காவிடம் சாட்சி இருந்தது. குழாயில் ஒரு காதுமாதிரி வைத்து, ஓடுகிற கூட்டத்தின் உருவத்தை ஓர் ஆம்ப்ளிஃபயர் வழியாகத் திரையில் படமாகக் காட்டுவார்கள். இரண்டு சுவருக்கும் நடுவில் தரை, அதாவது குத்துகளுக்கு இடையிலான மின்சாரம், மட்டமாக இருந்தால் கூட்டமும் மட்டமாகப் பரவியிருக்கும். சுவர் இரண்டாயிரம் வோல்ட் என்றாலும், தரையில் பத்து வோல்ட் பிசகினால் போதும், கூட்டம் மொத்தமும் ஒரு ஓரமாய்ச் சரிந்து சுவரை நெருக்கும். இதைக் கேட்ட நாத்தனார், “பின்படிக்கட்டுல எல்லாரும் தொங்குற மாதிரியா அண்ணி?” என்றாள். அதேதான். வேலியக்கா தினமும் காலையில் படத்தைப் பார்த்து, எந்தப் பக்கம் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தாலும் எதிர்ப்பக்கம் ஒன்றிரண்டு வோல்ட் சேர்த்துத் தரையை நிமிர்த்துவாள். இந்த மூன்று வாரமும், முதல் நாளே பத்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக என்று மொத்தம் பதினான்கு வோல்ட் சேர்த்து நிமிர்த்தியிருந்தாள். படம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நின்றது. இதைவிட நேரான படம் அந்தத் திரையில் வந்ததே இல்லை.

ஆகவே குற்றம் காந்தத்தில். இதை அவள் ஆபீசில் மரியாதையாகவும் வீட்டில் அவ்வளவு மரியாதை இல்லாமலும் சொன்னாள். அவரும் விடவில்லை. துணி காயப்போடும்போது சண்டை, விளக்கு மாற்றும்போது சண்டை. என் காந்தம் கடிகாரத்தைவிடச் சரி என்று அவர் சொல்ல, எந்தக் கடிகாரம், கூடத்தில் பத்து நிமிஷம் பின்னால் ஓடுகிறதே அதுவா என்று அவள் கேட்க, நாத்தனார் நடுவில் உட்கார்ந்து டென்னிஸ் பார்க்கிறவள் மாதிரி இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஆய்வுக்கூடத்து இயக்குநர், வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம் என்று அறிவித்தார். கூட்டத்தின் முடிவு கூட்டத்துக்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிட்டது. காந்தத்தைக் கழற்றிப் பிரிக்கப் போகிறார்கள். திரும்ப மாட்ட நாலு மாசம். உதைக்காரரைக் குளிர்நீர் பம்ப் அறைக்கு மாற்றிவிடுவார்கள். பதினாறு வருஷம் அந்தக் காந்தத்தோடு குப்பை கொட்டிய மனுஷன், இனிமேல் வால்வு திறந்து மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

அலைப்பிரிவுத் தலைவர் என்று ஒருவர் இருந்தார். வேலி வந்ததிலிருந்து தன் அலைகளுக்கு மரியாதை போய்விட்டது என்று மனத்தாங்கல் அவருக்கு. வேலியில் ஓர் ஓட்டை கிடைத்தால் வேலியையே பிடுங்கிப் போட்டுவிடலாம் என்று பதினோரு வருஷமாகக் காத்திருக்கிறார். வேலியக்கா அவருக்கு ஓர் ஊசி நுழைகிற ஓட்டையைக்கூடக் காட்டியதில்லை.

புதன்கிழமை தண்ணீர்க் குழாய் வேலைக்காக இயந்திரம் நின்றிருந்தது. மறுநாள் கூட்டத்தில் தன் நேரான படத்தைப் பெரிதாகக் காட்ட வேண்டும் என்று வேலியக்காவுக்கு ஆசை. பக்கத்தில் அளவுகோடுகள் போட்டால் இன்னும் எடுப்பாக இருக்குமே. அதற்காக ஒரு சோதனைப் பெட்டியிலிருந்து மேடு பள்ளமே இல்லாத, தட்டையான ஒரு மின்துடிப்பை அந்தக் காதுக்குள் அனுப்பித் திரையைப் பார்த்தாள்.

திரையில் கூரை மாதிரி சரிவு.

சோதனைப் பெட்டி பழசு என்று வேறு பெட்டி வைத்தாள். சரிவு. கேபிளை மாற்றினாள். சரிவு. திரையை மாற்றினாள். அதிலும் அதே சரிவு, நிறம் மட்டும் வேறு. கடைசியாக நடுவில் இருந்த ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தாள். பச்சை ஸ்டிக்கர் ஒட்டியது, அதாவது வேறு வேலைக்கானது. சட்டென்று வந்து போகிறதை அது அழகாகக் காட்டும். நீளமாக ஒரே மட்டத்தில் வருவதைக் கண்டால் களைத்துப்போய் மெல்ல மெல்லத் தொய்ந்துவிடும்.

இதை யார் இங்கே மாட்டியது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பதிவேட்டைப் புரட்டினாள். அங்கே யார் எந்தத் திருகைத் தொட்டாலும் கை சூடு ஆறுவதற்குள் தன் கையெழுத்தில் எழுதிவிட வேண்டும், அது சட்டம். மூன்று வாரத்துக்கு முந்தைய ஒரு மாலை. பழைய ஆம்ப்ளிஃபயர் ரிப்பேருக்குப் போனது, அலமாரியிலிருந்து வேறொன்று எடுத்து மாட்டப்பட்டது. பக்கத்திலேயே ஒரு குறிப்பு: ‘படம் இப்போது மிகத் தெளிவு.’ கீழே இரண்டு கோடு வேறு. கையெழுத்து அவளுடையது.

வேலியக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். மறுநாள் காலையில்தான் பெட்டிகள் நானூறு காட்டின. அதாவது கூட்டம் நேராகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆம்ப்ளிஃபயர் அதைச் சாய்வாகக் காட்டியது. இவள் படத்தை நேராக்குகிறேன் என்று, நேராக இருந்த தரையைப் பதினான்கு வோல்ட் சாய்த்து, பாவப்பட்ட துகள்களை ஓர் ஓரத்துக்கு நெருக்கித் தள்ளி, நெருக்கம் தாங்காமல் சுவரேறிக் காலி இடத்தில் விழ வைத்திருக்கிறாள். காந்தம் அங்கே விழுந்தவர்களை உதைத்தது. உதைப்பதுதானே அதற்கு வேலை.

சொல்லாமல் விட்டால் அவர் பம்ப் அறைக்குப் போவார். சொன்னால் அலைப்பிரிவுத் தலைவர் வேலியைப் பிடுங்குவார். இரண்டையும்கூட அவள் ஒரு மாதிரி தாங்கிக்கொள்வாள். மூன்று வாரமாகத் துணிக்கொடிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று பேசிய பேச்சையெல்லாம் இனி எந்த முகத்தோடு திரும்ப எடுத்துக்கொள்வது?

சாயங்காலம் வீட்டுக்குப் போனாள். அவர் கூடத்தில் உட்கார்ந்து காந்தத்தின் பழைய வரைபடங்களைத் தூசி தட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் கடைசி முறையாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார். வேலியக்கா மூன்று தடவை தொண்டையைச் செருமினாள்.

“ஏங்க.”

“என்ன?”

“உங்க காந்தம் நல்ல காந்தம்ங்க.”

அவர் வரைபடத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். உள்ளிருந்து வந்த நாத்தனார், “அண்ணி அண்ணனைப் புகழ்றாங்களா? யாராவது போயிட்டாங்களா என்ன?” என்று கவலையோடு கேட்டாள். அதோடு வேலியக்கா துணி மடிக்கப் போய்விட்டாள். அவரும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் தண்ணீர் குடித்துவிட்டு வரைபடத்துக்குத் திரும்பிவிட்டார். அன்றைக்கு அந்த வீட்டில் நிலவிய அமைதி தாங்காமல் நாத்தனார் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் பத்து மணி. இயக்குநர் உத்தரவுத் தாளைக் கையில் எடுத்து, மூக்குக் கண்ணாடியைத் தேடினார். அது அவர் நெற்றியில்தான் இருந்தது. அவர் அதைக் கண்டுபிடிப்பதற்குள் வேலியக்கா எழுந்து நின்றாள்.

“சார், காந்தத்தைக் கழட்ட வேண்டாம். தப்பு என்னுது.”

பிறகு ஆம்ப்ளிஃபயரைப் பற்றியும், தெளிவு என்று எழுதி இரண்டு கோடு போட்டதைப் பற்றியும், பதினான்கு வோல்ட்டைப் பற்றியும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அடுத்த மூச்சில் பத்து நிமிஷம் கேட்டாள். சேர்த்த வோல்ட் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிட்டு ஓர் உதை உதைத்துப் பார்க்கலாம், எண்ணிக்கை இறங்கவில்லையென்றால் வேலியையும் பிடுங்குங்கள், என்னையும் அனுப்பிவிடுங்கள் என்றாள். அவள் உதைக்காரர் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால், அவர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்ததைப் பார்த்திருப்பாள்.

எல்லோரும் கட்டுப்பாட்டு அறைக்குப் போனார்கள். வேலியக்கா பதினான்கைப் பூஜ்யமாக்கினாள். உடனே திரையில் அவளுடைய அழகான நேர்கோடு சறுக்குமரம் மாதிரி சரிந்தது. அலைப்பிரிவுத் தலைவர் நாக்கைச் சப்புக்கொட்டினார். படத்தைப் பார்க்காதீர்கள், எண்ணிக்கையைப் பாருங்கள் என்றாள் வேலியக்கா. இயக்குநர் தலையசைத்தார். காந்தம் உதைத்தது.

முந்நூற்றுப் பத்து.

இருநூற்றைம்பதிலிருந்து இறங்க வேண்டிய எண், ஏறி நின்றது. வேலியக்கா எண்ணை இன்னொரு தடவை படித்தாள். படித்தால் மாறிவிடுமா?

“படமும் கோணல், கணக்கும் கோணல். இதுக்குத்தான் நான் அன்னைக்கே சொன்னேன்” என்றார் அலைப்பிரிவுத் தலைவர். சொன்ன தேதியையும் சொல்லியிருப்பார்.

அதற்குள் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“சார், அதுல நாற்பது என்னுது” என்றார் உதைக்காரர்.

எல்லோரும் திரும்பினார்கள். நாற்பது என்ன என்று இயக்குநர் கேட்டார். நாற்பது நானோ நொடி. இரண்டாம் நாளே உதைக்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டதாம். உதைபட்டவர்கள் எல்லோரும் முன்பக்கச் சுவர் ஓரமாகவே விழுந்துகிடந்தார்கள். அப்படியென்றால் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. அதைப் பதிவேட்டில் எழுதினால் வேலி ஒழுகுகிறது என்று ஆகிவிடும், அதை முதலில் படிக்கப் போகிறவர் யார் என்பதும் தெரியும். ஆகவே எழுதாமல், யாருக்கும் சொல்லாமல், உதையை நாற்பது துண்டு பின்பக்கமாய் நகர்த்திவிட்டார். நானூறு இருநூற்றைம்பதாக இறங்கியது அதனால்தான். இப்போது கூட்டம் நிமிர்ந்து நடுவில் வந்து நின்றதும், நகர்ந்த உதை பின்பக்கச் சுவரோரத்து ஆட்கள் மேல் போய் விழுந்திருக்கிறது.

பதினாறு வருஷத்தில் பதிவேட்டில் எழுதாமல் அவர் ஒரு திருகைத் தொட்டதில்லை. தொட்டது இந்த ஒரு தடவைதான். இதை ஒப்புக்கொண்டால் பம்ப் அறையில் வால்வைக்கூட நம்பித் தரமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னார்.

இயக்குநர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, “அப்ப மூணு வாரமா உங்க வீட்டுல நடந்த சண்டை? ஊருக்கே கேட்டுதே” என்றார்.

“அது நிஜச் சண்டைதான் சார். இதை மட்டும் சொல்லலை” என்றார் உதைக்காரர்.

வேலியக்காவுக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. கோபம் முந்திக்கொண்டது. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா என்று கேட்டாள். அவர், “சொன்னா கேட்டிருப்பியா? படம் நேரா இருக்குன்னு கண்ணை உருட்டினே. அந்தக் கண்ணுக்கு எதிர நான் எப்ப ஜெயிச்சிருக்கேன்?” என்றார். அறையிலிருந்த கல்யாணமான ஆண்கள் அனைவரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள்.

நாற்பதைத் திரும்ப எடுத்துவிடச் சொன்னார் இயக்குநர். உதைக்காரர் எடுத்தார். காந்தம் உதைத்தது.

எட்டு.

நூறுக்குக் கீழே வந்தால் போதும் என்று இருந்த இடத்தில் எட்டு. இன்னொரு தடவை உதைக்கச் சொன்னார். ஏழு. திரையில் படம் அதே சறுக்குமரமாகத்தான் நின்றது. இந்த வருஷ அறிக்கையில் இப்படி ஒரு படத்தையா போடுவது என்று அலைப்பிரிவுத் தலைவர் மெதுவாகக் கேட்டார். ரிப்பேருக்குப் போன ஆம்ப்ளிஃபயர் போன வாரமே திரும்பி வந்து அலமாரியில் இருக்கிறது, சாயங்காலத்துக்குள் மாட்டிவிடுகிறேன் என்றாள் வேலியக்கா. அதைக் கேட்ட இயக்குநர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “போன வாரமேவா?” என்றார். தெளிவான படத்தை மாற்ற யாருக்குத்தான் மனசு வரும்?

தீர்ப்பு நின்றபடியே சொல்லப்பட்டது. காந்தம் இருந்த இடத்தில் இருக்கும். வேலியும் இருக்கும். பம்ப் அறைக்கு யாரும் போக வேண்டாம். ஒரு தப்பைப் பார்க்காமல் செய்ததற்கு மனைவியும், பார்த்ததை எழுதாமல் விட்டதற்குக் கணவனும் விளக்கம் எழுதித் தர வேண்டும். தனித்தனியாக எழுதினால் ஒருவரை ஒருவர் காப்பாற்றி எழுதித் தொலைப்பீர்கள், அதனால் ஒரே தாளில், இரண்டு கையெழுத்தோடு, மதியத்துக்குள் என் மேஜைக்கு வர வேண்டும் என்றார் இயக்குநர். போகிறபோது, வீட்டில் எதைப் பற்றி வேண்டுமானாலும் சண்டை போடுங்கள், நானோ நொடியைப் பற்றி மட்டும் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

கேன்டீனில் மூலை மேஜை. ஒரு தாள், ஒரு பேனா, இரண்டு டீ. யார் தப்பை முதலில் எழுதுவது என்பதிலேயே பதினோரு மணி ஆகிவிட்டது. என் தப்புதான் முதலில் நடந்தது, அதனால் அதுதான் முதலில் வரவேண்டும் என்று அவள். எழுதாமல் விட்டதுதான் பெரிய தப்பு, பெரியதுதான் முதலில் வரும் என்று அவர். மூன்று வாரம் உன் தப்பு உன் தப்பு என்று கத்திய அதே வாய்கள், என் தப்பு என் தப்பு என்று கத்த ஆரம்பித்ததில் பக்கத்து மேஜைக்காரர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் பார்த்துப் போனார்கள்.

மதியம் ஒரு மணிக்குத் தாள் இயக்குநரின் மேஜைக்குப் போனது. மொத்தம் ஒன்பது வரி. நாலாவது வரியில் வேலியக்கா, ‘என் வீட்டுக்காரர் எனக்காக’ என்று எழுதிவிட்டு, ஆபீஸ் காகிதம் என்று ஞாபகம் வந்து அதை அடித்து, ‘கிக்கர் பிரிவு, வேலிப் பிரிவின் நலன் கருதி’ என்று திருத்தியிருந்தாள். இயக்குநர் திருத்தத்தின்மேல் ஒரு கோடு போட்டார். முதலில் எழுதி அடித்ததே இருக்கட்டும் என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, கோப்பில் வைத்துக் கட்டிவிட்டார்.